வணிகக் காபி கிரைண்டர்

வறுத்த காபிக் கொட்டையைக் கோப்பைக்குக் கோப்பை அப்போதைக்கப்போது அரைத்துத் தரும் மின் இயந்திரம் இது. எஸ்பிரஸோ மெஷினுக்குப் பணத்தை வாரி இறைத்துவிட்டுக் கிரைண்டரில் சிக்கனம் பார்க்கும் கடைகள் ஏராளம். சுவை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். எஸ்பிரஸோவில் சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் தூளுக்குள் பாய்ந்து, 25 முதல் 30 விநாடிக்குள் வடிய வேண்டும். தூள் கொரகொரப்பாக இருந்தால் நீர் ஓடிவிடும், காபி நீர்த்துப் புளிக்கும். அளவுக்கு மீறி நைசானால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கும். தானாக மெல்ல வடியும் நம் ஃபில்டர் டிகாஷனுக்கு இவ்வளவு கறார் கிடையாது.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஓடும் என்று பார்த்துக் கிரைண்டர் வாங்குவது போதாது. கூட்டம் நெரியும் ஒரு மணி நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஒரு மணியில் 120 கோப்பை போகிறது, கோப்பைக்கு 18 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால் 2.16 கிலோ அரைபட வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு கோப்பை. அந்த அரை நிமிடத்தில் 15 விநாடியை அரைப்பதே தின்றுவிட்டால் வரிசை வாசல் தாண்டும். ஐந்தாறு விநாடியில் அரைக்கும் இயந்திரம்தான் தாங்கும்.

வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பர் என்னும் பற்கள் கொண்ட எஃகு அரைப்பான். இத்தாலியின் மாட்ஸர் நிறுவனத்தின் சூப்பர் ஜாலியில் 64 மி.மீ. தட்டை பர்கள் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுற்றுகின்றன. அதே நிறுவனத்தின் ரோபுரில் 71 மி.மீ. கூம்பு பர், சுமார் 420 சுற்றுதான். மெதுவாகச் சுற்றினாலும் ஒவ்வொரு சுற்றிலும் நிறைய அரைப்பதால், சூடு ஏறாமல் வேலை முடிகிறது.

சூடுதான் பெரிய எதிரி. காலையில் 28 விநாடியில் இறங்கிய ஷாட், அதாவது ஒரு முறை வடிக்கும் எஸ்பிரஸோ, இடைவிடாமல் அரைத்துப் பர் சூடேறிய பிறகு வேறு வேகத்தில் இறங்கும். காபி போடும் பாரிஸ்டா, அரவையின் நைசை மாற்றும் வளையத்தை ஒரு மயிரிழை திருப்பி, இடையில் தங்கிய பழைய தூளை அரைத்து வெளியேற்றி, ஒரு ஷாட்டைக் கொட்டிவிட்டு மீண்டும் ருசி பார்ப்பார். பின்னால் ஆட்கள் நிற்கும்போது இது சித்திரவதை. அரவை அறையின் வெப்பத்தைச் சீராக வைக்கும் மித்தோஸ் ஒன் போன்ற இயந்திரங்கள் இதற்காகவே வந்தவை.

2013இல் மெல்பர்னில் நடந்த உலக பாரிஸ்டா போட்டியில் மேட் பெர்ஜர், 98 மி.மீ. பர் கொண்ட ஜெர்மனியின் மால்கோனிக் ஈகே43ஐக் கொண்டு எஸ்பிரஸோ தயாரித்து இரண்டாமிடம் பெற்றார். அதன்பின் கஃபேக்கள் அதைத் தேடி வாங்கின. அரவை அருமைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொட்டையை நிறுத்துப் போட வேண்டியிருப்பதால் நெரிசல் நேரத்துக்கு ஒத்துவராது. கருப்புக் காபிக்கும் சிறப்புக் கொட்டைகளுக்கும் தனியாக வைத்துக்கொள்வதே சரி.

தூளைச் சேர்த்துவைத்து நெம்புகோலால் தள்ளும் டோசர் வகை, ஓயாத வியாபாரத்தில் வேகமானது. கூட்டம் குறைந்தால் அதில் கிடக்கும் தூள் மணம் இழந்துவிடும். கேட்டவுடன் அரைத்து, நேரத்தாலோ எடையாலோ தானே நின்றுகொள்ளும் வகைதான் இன்று பொருத்தம்.

கொட்டையோடு வந்த ஒரு சிறு கல் போதும், பர் பாழாகும், கடை நிற்கும். ஆகவே பரபரப்பான கஃபேக்குப் பெரிய கிரைண்டர் ஒன்றைவிட, உதிரி பர் உள்ளூரிலேயே கிடைக்கும் நடுத்தரக் கிரைண்டர்கள் இரண்டே மேல்.