அண்டார்க்டிகாவுக்குப் பயணிக் கப்பல் வந்த கதை

துருவப் பகுதிக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழில் வடக்கில்தான் தொடங்கியது. 1896-ல் நார்வேயின் ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குக் கோடைக்காலக் கப்பல் சேவை ஏற்பட்டது. பயணிகள் தங்க அங்கே மரத்தாலான விடுதி ஒன்றும் கட்டப்பட்டது. தெற்கே அண்டார்க்டிகாவிலோ அப்போது திமிங்கில வேட்டைக்காரர்களும் ஆய்வுப் பயணிகளும் மட்டுமே கால்வைத்து வந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தக் கண்டம் திறக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

1958 ஜனவரியில் அர்ஜென்டினாவின் 'லெஸ் எக்லேரூர்' கப்பல் அண்டார்க்டிகத் தீபகற்பப் பகுதிக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் சென்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 12 நாடுகள் அண்டார்க்டிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கிய அந்த ஒப்பந்தம் சுற்றுலாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்று அதற்கான தேவையை யாரும் உணரவில்லை.

இந்தப் பயணத்துக்கு இன்றுள்ள உருவத்தைக் கொடுத்தவர், ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பயண நிறுவனம் நடத்திய லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட். 1966-ல் அர்ஜென்டினக் கடற்படையின் 'லபத்தாயா' கப்பலை வாடகைக்கு அமர்த்தி 57 பயணிகளுடன் தெற்கே போனார். 1969-ல் பின்லாந்தில் 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' என்ற சிவப்பு நிறக் கப்பலைக் கட்டுவித்தார். நூறு பேர் அளவில் பயணம் செய்யும் சிறிய கப்பல். பனிக்கட்டியைத் தாங்க உறுதியாக்கப்பட்ட அடிப்பகுதி. துறைமுகமே இல்லாத கரையில் இறங்க சோடியாக் ரப்பர் படகுகள். மாலையில் பறவைகளையும் பனியாறுகளையும் பற்றி விளக்கம் சொல்ல அறிவியலாளர்கள். இந்தத் துறையின் பெரும்பாலான கப்பல்கள் இன்றும் இதே வழியில்தான் நடக்கின்றன. அந்த நிலத்தை நேரில் கண்டவர்கள் அதைக் காக்க முன்வருவார்கள் என்று லிண்ட்பிளாட் உறுதியாக நம்பினார்.

அந்த நம்பிக்கை மட்டும் போதாது என்பதை விபத்துகள் உணர்த்தின. 1972-ல் அதே சிவப்புக் கப்பல் கிங் ஜார்ஜ் தீவருகே தரைதட்டியது; பயணிகளைச் சிலி நாட்டுக் கடற்படை மீட்டது. 1979 நவம்பரில் அண்டார்க்டிகாவின் எரபஸ் மலையில் ஏர் நியூசிலாந்து சுற்றுலா விமானம் மோதி 257 பேரும் இறந்தனர். 1989 ஜனவரியில் பயணிகளும் ஏறியிருந்த 'பாஹியா பராய்சோ' என்ற அர்ஜென்டினக் கடற்படைக் கப்பல், அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையம் அருகே பாறையில் மோதியது. பயணிகள் பிழைத்தார்கள். கடலில் கலந்த டீசலோ சுமார் 6 லட்சம் லிட்டர். கரையோரக் கடற்பறவைகளும் சிற்றுயிர்களும் மடிந்தன.

இதன் பிறகே கட்டுப்பாடுகள் வடிவம் பெற்றன. 1991-ல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து அண்டார்க்டிகப் பயண நடத்துநர்களின் பன்னாட்டுச் சங்கத்தைத் தொடங்கின. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான மாட்ரிட் நெறிமுறையும் அதே ஆண்டில்தான் உருவானது. சங்கத்தின் விதிப்படி ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. 2009-ல் ஒப்பந்த நாடுகளும் இதே வரம்புகளை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றின.

இந்தக் கவனம் பயணி கரையில் கால்வைக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. வேற்று நிலத்தின் விதை ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காகப் பையின் மடிப்புகளும் மேற்சட்டையின் பைகளும் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யப்படுகின்றன. கிருமிநாசினித் தொட்டியில் காலணிகளை முக்கிய பிறகே படகில் ஏற முடியும். கரையில் பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டராவது விலகி நிற்க வேண்டும். அது நடந்து வரும் பாதையில் வழிவிட வேண்டியவர் மனிதரே. பறவைக்காய்ச்சல் அபாயம் காரணமாகத் தரையில் உட்காரவும் பையை வைக்கவும்கூட அனுமதி இல்லை.

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ரஷ்ய ஆய்வுக் கப்பல்களும் பனியுடைப்புக் கப்பல்களும் குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. தொழில் வேகமாக வளர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று, அப்போது 'எக்ஸ்ப்ளோரர்' எனப் பெயர் சுருங்கியிருந்த அந்தப் பழைய சிவப்புக் கப்பல் பனிக்கட்டியில் மோதி பிரான்ஸ்ஃபீல்டு நீரிணையில் மூழ்கியது. உயிர்காப்புப் படகுகளில் சில மணி நேரம் குளிரில் தவித்த 154 பேரையும் 'நார்ட்நோர்கே' என்ற நார்வேக் கப்பல் மீட்டது. அருகில் வேறொரு கப்பல் இருந்தது நற்பேறு. 2011-ல் அண்டார்க்டிகக் கடலில் கன எரியெண்ணெய்க்குத் தடை வந்தது. 2017-ல் துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு அமலுக்கு வந்தது.

1990-களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்குச் சில ஆயிரம் பேரே அண்டார்க்டிகாவுக்குப் போனார்கள். 2023–24 பருவத்தில் அந்த எண்ணிக்கை 1,20,000-ஐத் தாண்டியது. அவர்களில் ஒரு பகுதியினர் கரையில் இறங்காமல் கப்பலிலிருந்தே பார்த்துத் திரும்பியவர்கள். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இறங்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது; ஒரு பருவத்தில் மொத்தம் எத்தனை பேர் வரலாம் என்பதற்கு இல்லை. 2024 மே மாதம் கொச்சியில் இந்தியா நடத்திய ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில், சுற்றுலாவுக்கென முழுமையான விதிமுறையை உருவாக்கும் பணி தொடங்கியது. முந்தைய விதிகள் பலவும் விபத்துக்குப் பின்னால் வந்தவை. இது அடுத்த விபத்துக்கு முன்னால் வந்தாக வேண்டும்.