அளக்காமல் விட்ட மருந்து

ஐதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில், நகரம் முடியும் இடத்தில் இருக்கிறது படான்செரு. மானாவாரிப் பயிர்களை ஆராயும் சர்வதேச நிறுவனமான இக்ரிசாட் 1972இல் அங்கேதான் அமைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே ஊர் வேறொரு காரணத்துக்காக உலக அறிவியல் இதழ்களில் இடம்பிடித்தது. ஸ்வீடனைச் சேர்ந்த யோக்கிம் லார்சனும் அவருடைய குழுவினரும் அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் நீரில் 28 முதல் 31 மில்லிகிராம் சிப்ரோஃப்ளாக்ஸசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்து இருந்தது. அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட மருந்து இந்த அளவை எட்டுவதில்லை. ஒரே நாளில் ஓடையில் கலந்தது ஏறத்தாழ 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். அப்போது 90 லட்சம் பேர் வாழ்ந்த ஸ்வீடன் நாடு முழுவதற்கும் அது ஐந்து நாள் மருந்து. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நீர் சுத்திகரிக்கப்பட்டு வெளியே வந்த நீர் என்பதுதான். இதை ஓர் ஆலையின் திருட்டுத்தனமாகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. மருந்துத் தொழிலும் அதைக் கட்டுப்படுத்த வந்த சட்டமும் சேர்ந்தே, கழிவுநீரில் மருந்தை மட்டும் அளக்காமல் விட்ட வரலாறு இது.

அந்த வரலாறு நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கியது. 1961இல் மத்திய அரசு ஐ.டி.பி.எல். என்ற மருந்து நிறுவனத்தைத் தொடங்கியது. சோவியத் உதவியுடன் ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக் ஆலையும், ஐதராபாத்தில் செயற்கை மருந்து ஆலையும், சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் ஆலையும் எழுந்தன. ஐதராபாத் ஆலையில் தொழில் கற்ற வேதியியலாளர்கள் பலர் பிறகு சொந்த நிறுவனங்கள் தொடங்கினார்கள். டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை 1984இல் தொடங்கிய அஞ்சி ரெட்டி அவர்களில் ஒருவர். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. வெளிநாட்டில் கண்டுபிடித்த மூலக்கூறை இங்கே வேறொரு வழியில் தயாரிக்க அதனால் கதவு திறந்தது. ஏழைக்கு எட்டாத மருந்து மருந்துக்கடைக்கு வந்தது. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச நியாயமில்லை. ஆனால் மூல மருந்து தயாரிப்பு, நீரையும் கரைப்பான்களையும் ஏராளமாக விழுங்கும் தொழில். மருந்தைப் படிகமாக்கி வடிகட்டிய பிறகு மிஞ்சும் நீரில் மருந்தின் ஒரு பங்கு கரைந்தே இருக்கும். படான்செரு, பொல்லாரம், காசிப்பள்ளி பகுதியில் ஆலைகள் நெருங்கி எழுந்தபோது அந்த நீர் ஏரிகளுக்கும் இசக்கவாகு, நக்கவாகு ஓடைகளுக்கும் போய், அவற்றின் வழியாக மஞ்சீரா ஆற்றைச் சேர்ந்தது. வயலும் கிணறும் கெட்ட விவசாயிகளின் வழக்கு 1990இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இழப்பீட்டுக்கும் சுத்திகரிப்புக்கும் உத்தரவுகள் பிறந்தன.

1994இல் இயங்கத் தொடங்கிய பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அந்தக் காலத்தின் விடை. சுமார் 90 ஆலைகளின் கழிவு அங்கே டேங்கர் லாரிகளில் வந்து இறங்கியது. அங்கே பார்த்ததெல்லாம் பிராணவாயுத் தேவை, கரைந்த உப்பு, அமில காரத் தன்மை போன்றவை. சர்க்கரை ஆலைக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் பொருந்தும் இந்த அளவுகோல்கள், நுண்ணுயிரைக் கொல்லவென்றே செய்யப்பட்ட பொருள் நீரில் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. இதைவிட வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. கழிவைச் சிதைக்கும் வேலையைத் தொட்டியில் வளரும் பாக்டீரியாக்கள்தான் செய்ய வேண்டும். அவை செழிக்க, வீட்டுச் சாக்கடை நீரையும் கொண்டுவந்து கலந்தார்கள். மனிதக் குடலில் வாழும் கிருமிகளும் ஆன்டிபயாடிக்கும் ஒரே தொட்டியில் நாள்கணக்கில் ஊறின. மருந்துக்கு அஞ்சும் கிருமி அங்கே செத்தது. தாங்கும் கிருமி பெருகியது. பாக்டீரியாக்கள் தம் எதிர்ப்பு மரபணுக்களை வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றக் கூடியவை என்பதால், ஒன்று பெற்ற திறன் மற்றொன்றுக்கும் போனது. அந்த நிலையத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களில் 86 சதவீதம், இருபதோ அதற்கு மேலோ ஆன்டிபயாடிக்குகளுக்கு அசையாதவை என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. தூய்மைப்படுத்த எழுப்பிய தொட்டியே எதிர்ப்புத் திறனின் நாற்றங்காலாகிவிட்டது.

எதிர்ப்பு மரபணு மனிதன் உண்டாக்கியதல்ல என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான், முப்பதாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் அத்தகைய மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பது வேறு, ஒரு நீர்நிலையையே நிறைப்பது வேறு. காசிப்பள்ளி ஏரியில் எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு ஸ்வீடன் ஏரியில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 7,000 மடங்கு இருப்பதாக 2014இல் கண்டார்கள். இரண்டாவது மறுப்புக்கு இதைவிட வலு அதிகம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும் மாத்திரை, பாதியில் நிறுத்தும் நோயாளி, கழிப்பறையும் சாக்கடையும் இல்லாத ஊர் ஆகியவையே எதிர்ப்புத் திறன் பரவ முதல் காரணம், ஆலையைக் குறை சொல்வது கவனத்தைத் திருப்பும் என்கிறார்கள். லார்சனின் அதே ஸ்வீடன் குழுவினர் படான்செரு வட்டாரக் கிராமத்தவரின் மலத்தைச் சோதித்தபோது, சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகளை எதிர்க்கும் ஒரு மரபணு வகை, மாசில்லாத தொலைவுக் கிராமத்தவரிடம் இருந்ததைவிட அங்கே கூடியிருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இந்தியர்களின் மாதிரிகளில் 91 சதவீதத்தில் அது ஏற்கெனவே இருந்தது. அதாவது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதே பெரிய பாதை. இதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஆலை விடுபடாது. ஏற்கெனவே இருக்கும் மரபணு ஊருக்குள் பரவும் வேகத்தைத் தீர்மானிப்பது சுகாதாரம். இதுவரை மண்ணிலும் ஆற்றிலும் ஒதுங்கிக் கிடந்த மரபணு, நோய்க்கிருமிக்குள் முதல்முறை ஏறுவதற்கு அழுத்தமும் நெருக்கமும் வேண்டும். மருந்தும் மலமும் கலந்த அந்த நீரில் இரண்டும் இருந்தன. அப்படி ஒருமுறை ஏறிய மரபணு பயணிகளோடு விமானம் ஏறிவிடும். பிறகு அந்தக் கிராமத்தில் மட்டும் அதைத் தேடிப் பயனில்லை.

கடுமையான விதி வந்தால் மருந்து விலை ஏறும், பாதிக்கப்படுவது ஏழை என்பது மூன்றாவது மறுப்பு. அந்தக் கவலை போலியானது அல்ல. ஆனால் அந்த மலிவு விலையில் ஒரு பங்கை மஞ்சீராக் கரை விவசாயி கிணற்று நீராகக் கொடுத்துவிட்டார். இன்னொரு பங்கை, முதல் மருந்து கேட்காமல் விலை கூடிய அடுத்த மருந்துக்குப் போகும் நோயாளி கொடுக்கிறார். அவரும் ஏழைதான்.

பின்னாளில் படான்செருக் கழிவை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் குழாய் வழியே நகரத்துக்குள் கொண்டுபோய், அம்பர்பேட்டைச் சாக்கடை நிலையத்தில் கலந்தார்கள். மஞ்சீரா வழியாகக் கோதாவரிக்குப் போன நீர் மூசி ஆற்றின் வழியாகக் கிருஷ்ணாவின் பக்கம் திரும்பியது. அங்கும் தொழிற்சாலைக் கழிவோடு வீட்டுச் சாக்கடை கலந்தது; பழைய தொட்டியின் தவறே நகர அளவில் மறுபடி நடந்தது. ஐதராபாத்திலும் சுற்றுப்புறத்திலும் 2016இல் எடுத்த நீர் மாதிரிகளில் 95 சதவீதத்துக்கும் மேலானவற்றில், கடைசித் துணையாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இருந்தன.

ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு விதிக்கும் வரைவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 121 மருந்துகளுக்குத் தனித்தனி அளவுகள் அதில் இருந்தன. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கு முதன்முதலாக வழிகாட்டுதல் தந்தது. அதற்குச் சட்ட வலு கிடையாது. ஆகவே இன்று எஞ்சியிருக்கும் கைப்பிடி கொள்முதல்தான். நார்வே மருத்துவமனைகள் மருந்து டெண்டரில் சுற்றுச்சூழலுக்கு மதிப்பெண் கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்குகிறது. வாங்கும் மருந்தை ஆய்வகத்தில் சோதிக்கவும் செய்கிறது. மாத்திரைக்குள் மருந்து எவ்வளவு என்று கேட்கும் அந்த டெண்டரில், அதைத் தயாரித்த ஆலையின் கழிவுநீரில் மருந்து எவ்வளவு என்றும் ஒரு வரி சேர்க்க டெல்லியின் விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.