ஒரு வாட் ஃபைலும் கூடவே வந்த டெக்ஸ்ட் ஃபைலும்

வைஸ் சிட்டியில் நம்மூர் ஆட்டோ ஓட்டின கூட்டம் நம்மளது :-) அந்த ஆட்டோவை உள்ளே கொண்டுவர, கேமோட ஒரிஜினல் ஃபைலைத் திறந்து, அதில் இருக்கிற ஒரு வண்டியைத் தூக்கிட்டு இதைத் திணிக்கணும். பேக்கப் எடுக்கலைன்னா போச்சு, மறுபடி இன்ஸ்டால்தான். வைஸ் சிட்டி வந்தது 2002-ல். இந்தத் தலைவலிக்கு 1993-லேயே மருந்து கண்டுபிடிச்சாச்சுங்கறதுதான் வேடிக்கை.

சரி, மேட்டருக்கு வருவோம். 1992-ல் வந்த, ஐடி சாஃப்ட்வேர் உருவாக்கின உல்ஃபென்ஸ்டைன் 3டி கேமிலும் இதே கதைதான். ரசிகர்கள் ஒரிஜினல் ஃபைல்கள் மேலேயே கைவச்சாங்க. அதைப் பார்த்த ஜான் கார்மாக், பின்னாடி வந்த டூமில் (டிசம்பர் 10, 1993) எஞ்சினைத் தனியா, படம், சத்தம், லெவல் எல்லாத்தையும் 'வாட்' என்ற ஃபைலில் தனியா வச்சார். நீங்க செஞ்ச லெவலை இன்னொரு வாட் ஃபைலா வச்சுக்கலாம். கேமைத் தொடங்கும்போது அதோட பேரைச் சொன்னாப் போதும், ஒரிஜினல் மேலே இது வந்து உட்காரும். வேண்டாம்னா பேரைச் சொல்லாதீங்க, அவ்வளவுதான். ரெண்டு வாட் ஒரே லெவலை மாத்தினா, கடைசியா ஏறினது ஜெயிக்கும். இன்னைக்கு ஸ்கைரிம் ஆடறவங்க 'லோட் ஆர்டர்'னு மண்டையை உடைச்சுக்கறாங்களே, அதோட தாத்தா இதுதான். மாட் ஆர்கனைசர் கேமோட ஃபோல்டரைத் தொடாமல் ஒவ்வொரு மாடையும் தனித்தனியா வைக்கிறதும் இதே யோசனைதான்.

நிர்வாகம் ஆச்சு. தேடறது எப்படி? கூகுள் இல்லாத காலம். வால்நட் க்ரீக் என்ற சிடி கம்பெனியோட எஃப்டிபி சர்வரில் 'ஐடிகேம்ஸ்' என்ற களஞ்சியம் இருந்தது. வாட் அனுப்பினா கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் வரணும். யார் செஞ்சது, எந்தக் கேமுக்கு, யார் யாருக்கு நன்றி, முக்கியமா மத்தவங்க இதைப் பரப்பலாமா, இதை மாத்தி வேற செய்யலாமா - எல்லாம் அதில் இருக்கும்.

என்னைக் கேட்டா, வாட் ஃபைலைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இந்த டெக்ஸ்ட் ஃபைல்தான். பரப்பலாம்னு ஆசிரியரே எழுதிக் கொடுத்ததால், யார் வேணும்னாலும் பிரதி வச்சுக்க முடிஞ்சது. பின்னாடி அந்த சர்வர் போனப்பவும் களஞ்சியம் சாகலை, வேற இடங்களில் தொடர்ந்தது. 1994-ல் யாரோ செஞ்ச லெவலை இன்னைக்கும் இறக்கி ஆடலாம். ஆனா 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடினப்போ, அங்கே மட்டுமே இருந்த ஃபைல்களுக்கு அந்த பாக்கியம் இல்லை. தன்னார்வலர்கள் ஓடி ஓடிக் காப்பாத்தினது மட்டும்தான் மிச்சம்.

2021-ல் நெக்ஸஸ் மாட்ஸில் வெடிச்ச சண்டையும் இதுதான். இனிமே ஆசிரியர் நீக்கினாலும் ஃபைல் முழுசா அழியாது, ஆர்க்கைவுக்குப் போகும்னாங்க. நூறு மாட் சேர்ந்த தொகுப்பில் ஒண்ணு காணாமப் போனாலும் மொத்தமும் படுத்துடும்ங்கறது அவங்க நியாயம். 2016-ல் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி கோட் காணாமப் போய் உலகம் முழுக்க பில்ட் உடைஞ்சதைப் பார்த்த நம்ம தொழில்காரங்களுக்கு இது புரியும். ஆனா 'நான் செஞ்சது, எடுத்துக்கற உரிமை எனக்கில்லையா?'னு கேட்ட ஆசிரியர்களோட கோபத்திலும் நியாயம் இருக்கே! சம்பளமே இல்லாமல் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து செஞ்சவங்க அவங்க.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கறப்போ, விதியைப் பாதியில் மாத்தினா சண்டைதான் வரும். டூம்காரங்க அந்தக் கேள்வியை முதல் நாளே, ஃபைலை வாங்கும்போதே கேட்டுட்டாங்க. பதிலும் ஃபைலோடயே ஊர் சுத்துது.

அதனால மக்களே, மாட் செஞ்சா கூட ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போடுங்க. இறக்கினா, அந்த ரீட்மீயைத் தூக்கிப் போடாதீங்க.