கிடாரும் கலகமும் – 6: சுண்டிய காசு

கைமோதிரங்களைக் கழற்றித் தண்ணீரில் வீசிய லிட்டில் ரிச்சர்டோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். 1957 அக்டோபர், ஆஸ்திரேலியா. பியானோவின் மேல் ஏறி நின்று ஆடிய மனிதர், கச்சேரிப் பயணம் முடியுமுன்பே, இனிப் பாட்டு கிடையாது, கர்த்தருக்குத்தான் ஊழியம் என்று அறிவித்துவிட்டார். சிட்னியில் பாடிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு நெருப்புப் பந்து போனதைப் பார்த்தாராம். அந்த மாதம்தான் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியிருந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மனிதர் ஊர் திரும்பி, அலபாமாவில் இறையியல் படிக்கக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

அதன் பிறகு ராக் பாடகர்களின் விக்கெட் வரிசையாக விழ ஆரம்பித்தது. 1958 மார்ச் 24-ல் எல்விஸ் பிரெஸ்லியைக் கட்டாய ராணுவ சேவைக்கு அழைத்துக்கொண்டார்கள். மே மாதம் ஜெர்ரி லீ லூயிஸ் லண்டனில் வந்து இறங்கினார். கூட வந்த பெண் யார் என்று விமான நிலையத்தில் ஒரு நிருபர் கேட்க, மனைவி என்று பதில் வந்தது. பத்திரிகைகள் வயதைத் துருவின. 13. அதுவும் சொந்தக்காரப் பெண், அவர் குழுவிலேயே பேஸ் வாசித்தவரின் மகள். 37 கச்சேரிக்கு ஒப்பந்தம் போட்டு வந்தவர், மூன்றே கச்சேரியில் மூட்டை கட்டினார். இந்த ஒரு வீழ்ச்சிக்கு மட்டும் எனக்கு வருத்தம் இல்லை.

மிஞ்சியவர்களில் முக்கியமானவர் பட்டி ஹோலி. டெக்சாஸின் லபக் ஊர்க்காரர், வயது 22. எல்விஸ் மாதிரி அழகர் இல்லை. தடித்த கறுப்பு பிரேம் கண்ணாடி, ஒல்லி உடம்பு, வங்கி குமாஸ்தா என்று சொன்னால் நம்பலாம். ஆனால் தன் பாட்டைத் தானே எழுதி, தானே பாடி, தானே கிடார் வாசித்தார். அவருடைய கிரிக்கெட்ஸ் குழுவில் இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். அடுத்த அறுபது ஆண்டுகளில் உலகம் முழுக்க முளைத்த ஆயிரக்கணக்கான ராக் குழுக்களுக்கு இதுதான் அச்சு. பாடகர் ஒருவர், பாட்டு எழுதித் தர வேறொருவர் என்றிருந்த தொழிலில், எல்லாவற்றையும் ஒரு நாலு பேர் சேர்ந்தே செய்துகொள்ளலாம் என்று காட்டியதில் ஹோலியின் பங்கு எல்விஸின் பங்கைவிடப் பெரியது என்பேன். எல்விஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரட்டும்.

1958 கடைசியில் ஹோலி கையில் காசில்லை. மேனேஜரோடு முறிவு, வரவேண்டிய பணம் அங்கே மாட்டிக்கொண்டது. புதிதாகக் கல்யாணம், நியூயார்க்கில் வீடு, மனைவி மாசமாக இருந்தார். வேறு வழியில்லாமல் ஒரு குளிர்காலக் கச்சேரிப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டார். 1959 ஜனவரி 23-ல் மில்வாக்கியில் தொடக்கம். தினம் ஓர் ஊர். பயணத் திட்டம் போட்டவர்கள் வரைபடத்தையே பார்க்கவில்லை போலும். முன்னும் பின்னுமாக, தெற்கே போய் மறுபடி வடக்கே வந்து, பனியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைந்தார்கள். பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யாது. ஓரிரவு நடுக்காட்டில் வண்டி நின்றுபோக, குளிர் தாங்காமல் உள்ளேயே பத்திரிகைத் தாள்களைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். டிரம்ஸ் வாசித்த கார்ல் பன்ச்சுக்குக் கால் உறைந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பிப்ரவரி 2. அயோவா மாநிலம், கிளியர் லேக், சர்ஃப் பால்ரூம். அடுத்த ஊர் மினசோட்டாவின் மூர்ஹெட், 500 கிலோமீட்டருக்கு மேல். ஹோலிக்கு அலுத்துவிட்டது. அழுக்குத் துணியை வெளுக்கப் போட வேண்டும், கொஞ்சம் படுத்துத் தூங்க வேண்டும். பக்கத்து மேசன் சிட்டியில் ஒரு குட்டி விமானத்தை வாடகைக்குப் பேசினார். தலைக்கு 36 டாலர். விமானி போக மூன்று இடம்.

ஓர் இடம் ஹோலிக்கு. இரண்டாவது அவருடைய பேஸ் வாத்தியக்காரர் வேலன் ஜென்னிங்ஸுக்கு. ஆனால் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த சக பாடகர் பிக் பாப்பர் கெஞ்சிக் கேட்க, ஜென்னிங்ஸ் விட்டுக்கொடுத்தார். உங்கள் பஸ் பனியில் உறையட்டும் என்று ஹோலி கிண்டல் செய்தார். உங்கள் விமானம் விழட்டும் என்று ஜென்னிங்ஸ் பதிலுக்குக் கிண்டல் செய்தார். அந்தப் பதிலை அவர் ஆயுள் முழுக்கச் சுமந்தார்.

மூன்றாவது இடத்துக்கு ஹோலியின் கிடார்காரர் டாமி ஆல்சப்புக்கும் ரிச்சி வேலன்ஸுக்கும் போட்டி. வேலன்ஸுக்கு வயது 17, 'லா பாம்பா'வைப் பாடிப் பெயர் வாங்கியிருந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன். காசு சுண்டினார்கள். வேலன்ஸ் ஜெயித்தார்.

நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் விமானம் கிளம்பியது. சில நிமிடங்களில் ரேடியோவில் பதில் இல்லை. காலையில் விமானத்தின் உரிமையாளரே தேடிப் பறந்து, விமான நிலையத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் ஒரு சோள வயலில் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானிக்கு 21 வயது, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கச் சான்றிதழ் பெறாதவர். வெளியே நட்சத்திரம்கூடத் தெரியாத பனியிருட்டு. விமானத்தின் மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் கருவி, அவர் பழகிய கருவிக்கு நேர் எதிராகக் காட்டும் வகை. ஏறுவதாக நினைத்துக்கொண்டே இறங்கியிருக்கலாம் என்பதுதான் விசாரணை அறிக்கையின் சாரம்.

இந்த இரவை வைத்து டான் மெக்லீன் 1971-ல் 'அமெரிக்கன் பை' என்று எட்டரை நிமிட ஒப்பாரியே பாடிவிட்டார். அருமையான பாட்டு. ஆனால் ராக் இசை அன்றோடு முடிந்தது என்று அதைக் கேட்டு நம்பினால், சரித்திரம் தப்பாகிவிடும்.

அன்றிரவே மூர்ஹெட்டில் கச்சேரி நடந்தது. ஆள் குறைகிறது, உள்ளூரில் யாராவது பாடுவீர்களா என்று வானொலியில் கேட்க, பக்கத்து ஃபார்கோவிலிருந்து பாபி வீ என்ற 15 வயதுப் பையன் நண்பர்களோடு ஓடிவந்தான். சில மாதம் கழித்து அவன் குழுவில் பியானோ வாசிக்க ஒருவன் வந்து, சில நாளில் போய்விட்டான். விபத்துக்கு மூன்று நாள் முன்பு டுலூத்தில் ஹோலியின் கச்சேரியைக் கூட்டத்தில் நின்று பார்த்தவன் அவன். பெயர் ராபர்ட் ஜிம்மர்மேன். பிற்பாடு பாப் டிலன்.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதை. 1958 மார்ச்சில் ஹோலி இங்கிலாந்தைச் சுற்றியபோது லிவர்பூலிலும் வாசித்தார். அந்த ஊர்ப் பையன்கள் சிலர் அதே ஆண்டு கைக்காசு போட்டு முதல் இசைத்தட்டு பதிந்தார்கள், ஹோலியின் பாட்டைத்தான். அவர்களில் ஒருவனுக்குக் கண்ணாடி போட வெட்கம். ஹோலியைப் பார்த்த பிறகு அது பாதி குறைந்தது. பெயர் ஜான் லெனன். கிரிக்கெட்ஸ் என்றால் சிள்வண்டு. இவர்களும் பூச்சிப் பெயரையே பிடித்து பீட்டில்ஸ் ஆனார்கள்.

1960 ஆகஸ்டில் ஐந்து பேராக ஒரு வேனில் அடைந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் போனார்கள். சினிமாக் கொட்டகையின் திரைக்குப் பின்னால், கழிப்பறைக்கு அடுத்த அறையில் படுக்கை. இரவெல்லாம் வாசிப்பு. மூன்று மாதம் ஓடியது. நவம்பர் 21-ல் போலீஸ், கடைக்குட்டி ஜார்ஜ் ஹாரிசனை நாடு கடத்தியது. வயது 17, இரவு விடுதியில் வாசிக்கச் சட்டம் இடம் தராது. அடுத்த சில நாட்களில் இன்னும் இருவர் காவல் நிலையத்தில். குற்றச்சாட்டு: தீ வைத்தது.

எதைக் கொளுத்தினார்கள், போலீஸில் மாட்டிவிட்டது யார்? அடுத்த வாரம்.