பேனாவில் ஏறிய பொன்

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நஹ்வும் ஸர்ஃபும் ஓதிய மாணவர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது ஓர் ஊற்றுப் பேனாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஜெர்மன் நாட்டுப் பெலிக்கன். எம் 400 என்னும் வகை. உடலில் பச்சையும் கறுப்புமாக நெடுங்கோடுகள் ஓடுகின்றன. சட்டைப் பையில் செருகும் கொக்கி அப்பறவையின் அலகைப் போலவே நீண்டு வளைந்திருக்கிறது. எழுதிப் பார்த்தேன்; கை தானாகவே ஓடிற்று. மூடப் போகும்போதுதான் நிப்பில் பொறித்திருந்ததைக் கண்டேன்: 14 காரட் பொன். உடன் வந்திருந்த அவருடைய தந்தையாரும் அதைப் பார்த்துவிட்டார். "ஹஜ்ரத், ஆண்கள் தங்கத்தால் எழுதலாமா?" என்று மெல்லக் கேட்டார். அன்றைக்கு நான் விடை கூறவில்லை. பேனாவுக்குள் பொன் எப்படி வந்தது, ஏன் இன்னும் போகாமல் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கூறக்கூடிய விடையன்று அது.

மை தானே ஊறி வரும் எழுதுகோலைப் பற்றி நாம் அறியும் மிகப் பழைய செய்தியே ஒரு பொற்பேனாவைப் பற்றியதுதான். ஃபாத்திமிய கலீஃபா அல்முஇஸ் ஹிஜ்ரி 341 முதல் 365 வரை, அதாவது கி.பி. 953 முதல் 975 வரை ஆட்சி புரிந்தவர். கெய்ரோ நகருக்குக் குடிபெயரும் முன்னர் கைரவானை அடுத்த மன்சூரிய்யாவில் அவருடைய அரண்மனை இருந்தது. அவருடைய அவையில் இருந்த காழி நுஃமான் (மறைவு ஹிஜ்ரி 363) எழுதிய 'அல்மஜாலிஸ் வல் முஸாயராத்' என்னும் நூலில் இச்செய்தி வருகிறது. அந்த வமிசத்தாரின் அகீதாவில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் கண்ணால் கண்டவர் எழுதி வைத்த வரலாற்றுச் செய்தியைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

மைக்கூடு தேவைப்படாத ஒரு கலம் வேண்டும், மை அதன் உள்ளேயே இருக்க வேண்டும், எழுத நினைக்கும்போது மட்டும் இறங்க வேண்டும், சட்டைக் கைக்குள் செருகினாலும் கறை படக்கூடாது என்று கலீஃபா விரும்பினார். இது நடக்கக்கூடியதா என்று காழி வியந்தார். இறைவன் நாடினால் நடக்கும் என்பது விடை. சில நாட்களில் கைவினைஞர் பொன்னாலான ஒரு கலத்தோடு வந்து நின்றார். எழுதிப் பார்த்தபோது மை வேண்டிய அளவுக்கு மேல் வழிந்தது. திருத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். திருத்தியபின் அதைக் கவிழ்த்தாலும் இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்தாலும் ஒரு சொட்டு வெளிவரவில்லை. கேட்போருக்குத் தேவையான நேரத்தில் தேவையான அளவு கொடுத்து, மற்ற நேரத்தில் தன்னிடமுள்ளதைக் காத்துக்கொள்ளும் அந்தக் கலத்தில் காழி ஒரு நல்லொழுக்கப் பாடத்தையே கண்டார்.

அக்கருவி நமக்குக் கிடைக்கவில்லை. உட்பொறி எவ்வாறு இருந்தது என்று நூலும் விளக்கவில்லை. நூல் 1978இல் தூனிஸில் அச்சாயிற்று. 1981இல் ஆங்கிலேய அறிஞர் பாஸ்வொர்த் ஓர் ஆய்விதழில் இதை எடுத்துக் காட்டிய பின்னரே மேலை நாட்டார் பரவலாக அறிந்தனர். இதைக்கொண்டு இன்றைய பேனாவை நம்மவர்தாம் கண்டுபிடித்தார்கள் என்று மேடைகளில் முழங்குவோரைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேனாவிலிருந்து இந்தப் பேனாவுக்கு வழிவழியாக எந்தத் தொடர்பும் தெரியவில்லை, முழக்கம் வேண்டாம். நான் இதில் கவனிப்பது வேறொன்று. முதலில் செய்தபோது மை வழிந்தது என்பதே அது. ஊற்றுப் பேனாவின் வரலாறு முழுவதும் அந்த வழிதலை அடக்கும் போராட்டம்தான்.

அரசவைக்கு வெளியே இருந்த எழுத்தாளர்கள் நாணல் கலத்தையே போதுமென்று கொண்டார்கள். இப்னு முக்லாவும் இப்னுல் பவ்வாபும் யாகூத் அல்முஸ்தஃஸிமியும் உலகம் வியக்கும் எழுத்தை நாணலில்தான் எழுதினார்கள். கலத்தை எப்படிச் சீவுவது, முனையை எந்தச் சாய்வில் வெட்டுவது, நடுவே எவ்வளவு பிளப்பது என்பதற்கெல்லாம் கல்கஷந்தி (மறைவு ஹிஜ்ரி 821) தம் 'ஸுப்ஹுல் அஃஷா'வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மைக்கூட்டுக்குள் 'லீகா' என்னும் பட்டுநூல் பஞ்சை இட்டு வைப்பார்கள். கலத்தைத் தோய்த்தால் அப்பஞ்சு அளந்து மை கொடுக்கும். கூடு சாய்ந்தாலும் கொட்டாது. இன்று பேனாவுக்குள் வைத்திருக்கும் உறுப்பு அன்று கூட்டுக்குள் இருந்தது, அவ்வளவே. கரிப்பொடியும் பிசினும் சேர்ந்த 'மிதாத்' என்னும் மை நாணலுக்கு உகந்தது. ஊற்றுப் பேனாவில் ஊற்றினால் உள்வழி அடைத்துப் போகும். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சும் 'ஹிப்ர்' நீர்த்து ஓடும். ஆனால் அதில் அமிலம் உண்டு. பொன் வந்து சேர்ந்தது இந்த அமிலத்தின் வழியாகத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகு நிப்புகள் மலிந்தன. தொட்டு எழுதுவதற்கு அவை போதும். தேய்ந்தால் எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். நாள்தோறும் மையிலேயே ஊறிக் கிடக்கும் ஊற்றுப் பேனாவின் நிப்போ அரித்துத் துருவேறிப் போயிற்று. பொன் துருவேறாது. ஆனால் காகிதத்தில் உராய்ந்தால் தேயும். ஆகவே நுனியில் மட்டும் இரிடியம், ஆஸ்மியம் போன்ற கடிய உலோகத்தின் மணியை ஒட்ட வைத்தார்கள். 1884இல் நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் உரிமம் பெற்ற பேனாவில், நிப்புக்கு அடியில் உள்ள கட்டையில் மெல்லிய கீறல்கள் இருந்தன. அவ்வழியே மை கீழிறங்க, அதற்கு ஈடாகக் காற்று மேலேறும். மை கொட்டி ஓர் ஒப்பந்தத்தாள் பாழானதால் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு; விளம்பரங்களால் பரவிய கதை, உறுதியான சான்றில்லை. எப்படியாயினும், அந்நாள் பேனாவில் உள்ள பொன் ஆடம்பரமன்று. எழுதும் மை அதைக் கேட்டது.

இவ்விடத்தில் ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. குலாப் என்னும் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார்கள். அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இது பதிவாகியிருக்கிறது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன், மற்ற உலோகம் கெட்டுப்போகும் இடத்தில் அனுமதிக்கப்பட்டது. வாட்டர்மேன் காலத்து நிப்புக்கும் இந்தக் காரணம் பொருந்தும் என்று வாதிக்க இடமுண்டு. மூக்குக்கும் பேனாவுக்கும் தேவை ஒரே தரத்ததா என்று எதிர்வாதம் செய்யவும் இடமுண்டு.

இனி, உருவத்துக்கு வருவோம். தொடக்கத்தில் பேனாக்கள் கறுப்பு ரப்பர்க் குழல்கள். துளிக்குழலால் மை நிரப்ப வேண்டும். 1921இல் பார்க்கர் நிறுவனம் 'டியோஃபோல்ட்' என்னும் பருத்த பேனாவைச் செந்நிறத்தில் கொண்டுவந்து 7 டாலர் விலை வைத்தது. பேனா சட்டைப் பையில் பிறர் காண நிற்கத் தொடங்கியது அப்போதுதான். பிறகு செல்லுலாய்டு வந்தது, வண்ணங்கள் வந்தன. 1929இல் ஷீஃபர் நிறுவனம் 'பேலன்ஸ்' என்று இரு முனையும் குறுகிய உருவத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் பெலிக்கன், பின்புறத்தைத் திருகினால் உள்ளே தண்டு ஏறி மையை உறிஞ்சும் முறையைக் கொணர்ந்தது. இன்று கடைக்காரர் 'பழமையான அழகு' என்று எடுத்துக் காட்டும் சுருட்டு வடிவம் அந்நாளில் எல்லாவற்றிலும் புதியது. தட்டையான முனைகளை விரும்பிய பெரியவர்கள் அதைக் கண்டு முகம் சுளித்திருக்கக் கூடும்.

உண்மையான மாற்றம் 1941இல் வந்த பார்க்கர் 51. நிறுவனத்தின் 51ஆம் ஆண்டில் உருவானதால் அந்த எண். எழுதிய உடனே உலரும் மை ஒன்றை அவர்கள் செய்தார்கள். அது செல்லுலாய்டை அரித்தது. எனவே லூசைட் என்னும் புதிய பிளாஸ்டிக்கில் உடலைச் செய்தார்கள். நிப்பின் மீதே உலர்ந்துவிடாதிருக்க, நிப்பைக் கூட்டுக்குள் மறைத்து நுனியை மட்டும் வெளியே விட்டார்கள். ஆக, அந்தப் புதுமை ஓவியரின் ஆசையால் பிறந்ததன்று. மையின் இயல்பு வேண்டிய உருவம் அது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் 51 எனக்குப் பிடித்ததில்லை. நாணலைச் சீவிப் பழகியவனுக்கு முனையைப் பார்த்துக்கொண்டு எழுத வேண்டும். முக்காடிட்ட பேனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே எனக்குத் தெரிவதில்லை.

1945ஆம் ஆண்டு இவ்விரு தலைமுறைகளையும் ஒரே ஆண்டில் காட்டியது. மே மாதம் ரைம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைந்தபோது, கையெழுத்திட்ட பேனாக்களை வெற்றிக் குறியாக உயர்த்திப் பிடித்து ஐசன்ஹோவர் படம் எடுத்துக்கொண்டார். அவை பார்க்கர் 51 என்பர். செப்டம்பர் 2ஆம் நாள் டோக்கியோ விரிகுடாவில் மெக்கார்தர் பயன்படுத்திய பல பேனாக்களில் ஒன்று அவர் மனைவியாரின் பழைய செந்நிற டியோஃபோல்ட் என்பர். அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் நியூயார்க்கில் ரெனால்ட்ஸ் என்பவரின் பந்துமுனைப் பேனா விற்பனைக்கு வந்தது. விலை 12 டாலர் 50 சென்ட். பார்க்கர் 51 வெளிவந்தபோது அதற்கும் அதே விலைதான்! சில ஆண்டுகளில் பந்துமுனைப் பேனா காசுக்கு மலிந்தது. கணக்கெழுதவும் கடிதமெழுதவும் ஊற்றுப் பேனா தேவையில்லை என்றாயிற்று. தேவை போனபின் மிஞ்சியவர்கள் இரு வழியாகப் பிரிந்தார்கள்.

ஒரு வழி ஹாம்பர்க் நகரத்து மாண்ட்பிளாங்க். 1952இல் வந்த அவர்களுடைய 149, கறுப்புச் சுருட்டு வடிவம். மூடியில் பொன் முலாம் வளையங்கள். தலையில் பனி மூடிய சிகரத்தைக் குறிக்கும் வெண்ணிறச் சின்னம். நிப்பில் அந்த மலையின் உயரமான 4810 என்னும் எண். நிப்பு அகன்று, பொன்னும் வெள்ளை உலோகமுமாக இரு நிறம் காட்டும். பொன்னை மறைப்பதில்லை, அதைப் பார்ப்பதற்கென்றே பேனா இருக்கிறது. மற்றொரு வழி ஹைடல்பெர்க் நகரத்து லாமி. 1966இல் கெர்ட் ஆல்ஃபிரட் முல்லர் என்பவர் வடித்த 'லாமி 2000'இல் வளையமில்லை, வண்ணமில்லை. மக்ரோலான் என்னும் பிளாஸ்டிக்கும் துருவேறா எஃகும் மட்டுமே. மை ஏற்றும் திருகு உடலோடு இழைந்து, இணைப்பு எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. இன்றளவும் அவ்வடிவத்திலேயே விற்கிறார்கள். அறுபது ஆண்டை எட்டிய பின்னும் அதைப் 'புதுமை வடிவம்' என்றே அழைக்கிறார்கள்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தால் லாமி 2000இன் நிப்பைக் கவனிக்க வேண்டும். வெள்ளையாக, எஃகைப் போலவே இருக்கும். எஃகன்று, 14 காரட் பொன்! மேலே பிளாட்டினம் பூசியிருக்கிறார்கள். ஆடம்பரத்தைத் துறந்த உருவம் என்று பெயர் பெற்ற பேனாவும் பொன்னை விடவில்லை, வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டது. பழைய பேனா காட்டுகிறது, புதிய பேனா ஒளிக்கிறது. இரண்டுக்கும் இப்போது பொன் எதற்கு? துருவேறா எஃகு வந்து நூறாண்டு கடந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரையொட்டி நிப்புக்குப் பொன் கிடைக்காதபோது ஜெர்மானியர் எஃகு நிப்புகளைச் செய்தே எழுதினார்கள். இன்றைய சாய மைகளுக்குப் பழைய அமிலக் கடுமையும் இல்லை. பொன் நிப்பு மென்மையாக வளையும் என்பர். அந்த வளைவு நிப்பின் தடிமனையும் வடிவத்தையும் பொறுத்தது, உலோகத்தை மட்டும் பொறுத்ததன்று.

ஆகவே மாணவரின் தந்தையார் கேட்ட கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஹனஃபி நூலாகிய 'துர்ருல் முக்தார்', பொன் வெள்ளியாலான சுர்மாக் கூட்டையும் முகக் கண்ணாடியையும் சொல்லும் வரிசையில் எழுதுகோலையும் மைக்கூட்டையும் பெயர் குறித்தே விலக்குகிறது. ஆண் பெண் இருபாலாருக்கும் இது பொது. பெண்களுக்குள்ள சலுகை அணிகலனுக்கு உரியது. நம் ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில், பொற்பாத்திரத்தைப் பயன்படுத்துவதை மட்டுமின்றி வைத்திருப்பதையும் விலக்குகிறார்கள். உடைந்த பாத்திரத்தில் பொன் ஒட்டுப் போடுவதும் கூடாது என்கிறார்கள். முலாம் பூசியது ஆகும் என்பது அவர்கள் வலுவாகக் கொள்ளும் கருத்து. நெருப்பில் காட்டினால் பொன் தனியே தேறாத அளவு மெல்லிய பூச்சைச் சொல்கிறார்கள் என்று உரையாசிரியர்கள் விளக்குவர்.

இரண்டு ஆலிம் நண்பர்களிடம் பேனாவைக் காட்டினேன். ஒருவர், விரல் பிடிப்பது பிளாஸ்டிக், காகிதம் தொடுவது இரிடியம், இடையே உள்ள சிறு பொன் பேனாவைச் சார்ந்தது, பேனாவே பொன்னன்று என்றார். மற்றவர், சிறு ஒட்டுக்கே இடமில்லாதபோது எழுதும் உறுப்புக்கு எப்படி இடம் வரும் என்று திருப்பிக் கேட்டார். முன்னவர் சொல்வது எனக்கு வசதியானது. ஆதலால் அதை ஏற்கத் தயங்குகிறேன். வாட்டர்மேன் காலத்தில் பிறந்திருந்தால் அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியைத் துணைக்கு அழைத்திருப்பேன். எஃகு கெடாத காலத்தில் அழைக்க மனம் வரவில்லை. பெட்டியில் பூட்டி வைப்பதும் வழியாகாது; வைத்திருப்பதைப் பற்றியும்தானே சட்டம் பேசுகிறது.

நல்லவேளை, பெலிக்கனிலேயே எம் 200 என்றொரு வகை இருக்கிறது. எஃகு நிப்பு, மேலே பொன் முலாம். அதன் முனைப்பகுதியைத் திருகிக் கழற்றி எம் 400இல் திருகிப் பொருத்தலாம். இரண்டுக்கும் அளவு ஒன்றே. அப்படி ஒன்று வாங்கி அனுப்பும்படி மாணவருக்கு எழுதியிருக்கிறேன். கழற்றிய பொன்னை என்ன செய்வது என்று அவருடைய தந்தையார் கேட்டார். பேத்தியின் காதுக்கு ஒரு பொட்டுத் தோடாவது தேறாதா என்று அவரே தொடர்ந்து சொல்லிக்கொண்டார். தேறுமா என்பதைத் தட்டாரிடம்தான் கேட்க வேண்டும்.