வழக்கு மன்றமும் கஞ்சித் தொட்டியும்: வேதநாயகரின் வாழ்வில் விசுவாசம்

கிறித்தவம் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை ஆராய்வோர் பெரும்பாலும் நூல்களையே எண்ணிக் கணக்கிடுவர். காப்பியம், அகராதி, உரைநடை, அச்சு, கீர்த்தனை என அக்கணக்கு நீளும். அது வேண்டிய கணக்கே. ஆயினும் ஒரு சமயம் ஒரு மொழியின் மண்ணில் வேரூன்றியதா என்பதை அறிய நூற்பட்டியல் மட்டும் போதாது. குருவாகவோ உபதேசியாகவோ இராமல், இல்லறத்தில் இருந்து ஊதியத்திற்குப் பணிபுரிந்த ஒருவர், தம் விசுவாசத்தை அன்றாட வாழ்வில் எவ்வாறு நடத்திக் காட்டினார் என்பதும் கேட்கத்தக்க வினாவாகும். அவ்வினாவிற்கு 19ஆம் நூற்றாண்டு தரும் சிறந்த விடைகளுள் ஒன்று மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வு.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் இவரும் வேறானவர். சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடிய சீர்திருத்தச் சபைக் கவிஞர், மாயூரத்தார் கத்தோலிக்கர். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாகப் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்து 1872இல் ஓய்வு பெற்றார். இன்று மயிலாடுதுறை என வழங்கும் அந்நகரே அவர் பெயரின் முன்னொட்டாக நிலைத்துவிட்டது.

நீதி இருக்கை

முன்சீப் என்பவர் அக்காலத்தில் எளிய மக்கள் நேரிற் காணக்கூடிய நீதிபதி. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை ஆகியவை அவர் முன்னரே வந்து நின்றன. கைக்கூலி பெறுவதற்கு வாய்ப்பு மிகுந்த இருக்கையும் அதுவே. வேதநாயகர் 1859இல் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலிக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அறநூல் செய்த புலவர் பலர். தாம் கண்டித்த குற்றத்தின் நடுவில் நாள்தோறும் அமர்ந்து தீர்ப்புரைத்துக்கொண்டே அறநூல் செய்தவர் சிலர். நீதிநூலின் சொற்களுக்கு வாய்த்த அழுத்தம் இவ்விருக்கையிலிருந்து பிறந்தது எனலாம்.

அவர் செய்த மற்றொரு பணி இலக்கிய வரலாறுகளில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் அச்சிட்டார். ஆங்கிலம் அறியாத வழக்காடி, தன் நிலம் தனக்கு ஏன் கிடைத்தது அல்லது ஏன் பறிபோனது என்பதைத் தன் மொழியில் அறிய இந்நூல் வழிசெய்தது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழில் வழக்காடாமல் ஆங்கிலத்தில் வழக்காடும் போக்கினை அவர் பிரதாப முதலியார் சரித்திரத்திலும் எள்ளி நகையாடினார். ஏழைக்கு நற்செய்தி என்பது தேவாலயத்தில் கேட்கும் சொல். ஏழைக்குப் புரியும் தீர்ப்பு என்பது அச்சொல் நீதிமன்றத்தில் எடுக்கும் வடிவம்.

பெண் கல்வி

நீதிநூலிலேயே மாதரைப் படிப்பித்தல் என்றோர் அதிகாரம் உண்டு. பத்தாண்டுகள் கழித்து, 1869இல் வெளிவந்த பெண்மதிமாலை இக்கருத்தினை விரித்தது. பெண் கல்வி பற்றி அவர் எழுதிய உரைநடையும் அதே நோக்கமுடையது. எழுத்தோடு நில்லாமல் மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளி ஒன்றை அவர் நிறுவியதை அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். 1879இல் அச்சேறிய பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஆணுடை தரித்து அரசாளும் ஞானாம்பாள், இப்பள்ளியின் கற்பனை வடிவம் எனத் தகும்.

எனினும் இவ்விடத்தில் அவரது எல்லையும் சுட்டப்பட வேண்டும். அவர் விரும்பிய கல்வி பெரும்பாலும் இல்லறத்தைச் சிறப்பிக்கும் கல்வி. ஞானாம்பாளும் அரியணையை விடுத்து மனையாட்சிக்கே மீள்கிறாள். தம் காலத்தின் குடும்ப ஒழுங்கினை அவர் உடைக்க முனையவில்லை. அதனுள் ஒரு சாளரம் திறந்தார். அது சிறிய சாளரம் என இன்று தோன்றலாம். பெண்ணுக்கு எழுத்தறிவு ஆகாது எனப் பெரியோரே உரைத்த ஊர்களில் அதனைத் திறப்பது எளிதன்று.

தாது வருடம்

அவர் விசுவாசத்திற்குக் கடுமையான சோதனை 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் வந்தது. தாது ஆண்டில் தொடங்கியமையால் மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றனர். மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, விலை ஏறிய பின்னரும் தானியம் துறைமுகங்கள் வழியே வெளியேறியது. நிவாரணப் பணியிடங்களில் உழைப்போர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த அளவு, அரசின் சிக்கனத்திற்குச் சான்றாக இன்றும் நினைக்கப்படுகிறது. தென்னிந்தியாவில் மாண்டோர் பல இலட்சம். காவிரி பாயும் தஞ்சை மாவட்டம் வறண்ட மாவட்டங்களைப்போல் அழியவில்லை. அதனாலேயே பசித்தவர்கள் அதனை நோக்கி நடந்து வந்தனர்.

வேதநாயகர் அப்போது பதவியில் இல்லை. அரசு ஆணையின் கட்டாயமும் அவருக்கு இல்லை. தம் பொருளை எடுத்துப் பசித்தவர்க்கு வழங்கினார், கஞ்சி வார்த்தார். சாதியும் சமயமும் வினவிக் கஞ்சி வார்க்கவில்லை. பசித்தவனுக்கு இட்டது இறைவனுக்கே இட்டதாகும் என்னும் சுவிசேஷக் கருத்தினை அவர் மேடையில் விளக்கியிருப்பின் ஒரு பிரசங்கம் எஞ்சியிருக்கும். அவர் செய்ததால் உயிர்கள் எஞ்சின.

அவ்வேளையில் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் அன்னம் வழங்கினார். ஒரு கத்தோலிக்கர் ஒரு சைவ மடத்தின் தலைவரைப் போற்றிச் செய்யுள் இயற்றியது அக்கால நட்பின் இயல்பைக் காட்டும். இந்நட்பு பஞ்சத்தில் திடீரென முளைத்ததன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேதநாயகரைத் தலைவராக்கிக் குளத்துக்கோவை பாடியிருந்தார். 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை, இந்நெடுங்கால உறவின் கனி. பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனை வேண்டும் பாடல்கள் அதில் இடம்பெறுகின்றன. எச்சமயத்தவரும் பாடுமாறு அவை இயற்றப்பட்டன; அந்நூலின் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. சமரசம் பாடியமையால் அவர் தம் சமயத்தை நெகிழவிட்டார் எனக் கொள்வது பிழை. தேவமாதா அந்தாதியும் பெரியநாயகி அம்மை பதிகமும் பாடியவர் அவரே. தம் வீட்டின் கதவு உறுதியாக இருந்தமையால் அதனைத் திறந்து வைக்க அவர் அஞ்சவில்லை.

பாரதியாரின் பாட்டு

மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்தவர். தில்லைக் கூத்தனையே பாடிய நாவினர். மானிடரைப் பாடுவதில் நாட்டமில்லாத அப்பெருமகனார், பஞ்ச காலத்தில் வேதநாயகரின் கொடையைக் கண்டு, அவரை மேருவாக்கி ஒரு கீர்த்தனை இயற்றினார். புரவலரைப் பாடுதல் தமிழில் புதிதன்று. பரிசிலுக்குப் பாடிய பாட்டுகள் சங்க காலந்தொட்டு உண்டு. இப்பாட்டோ பரிசில் வேண்டாதவர் பாடியது. தம் பசிக்காகவன்றிப் பிறர் பசி தீர்ந்ததற்காகப் பாடியது. ஒரு சைவ அடியாரின் வாயிலிருந்து ஒரு கிறித்தவரின் விசுவாசத்திற்குக் கிடைத்த சான்று இதனினும் பெரிது வேறில்லை. வாதத்தால் பெறவியலாத இச்சான்றினைக் கஞ்சித் தொட்டி பெற்றுத் தந்தது.

1889இல் வேதநாயகர் மறைந்தார். தமிழின் முதல் நாவலாசிரியர் என்னும் ஒரு தொடருக்குள் இலக்கிய வரலாறு அவரை அடக்கிவிட்டது. அத்தொடர் உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. அவருடைய நாவலும் நீதிநூலும் கீர்த்தனையும் தனித்தனி நூல்களல்ல. நீதி இருக்கையிலும் பள்ளியிலும் பசித்தவர் வரிசையிலும் நடந்த ஒரே வாழ்வின் பதிவுகள். பாடும் புலவர்க்கு அவ்வாழ்வு ஓர் அளவுகோலை விட்டுச் சென்றுள்ளது. எழுதிய சொல்லைப் பசித்தவன் முன் நின்று படிக்க முடியுமா என்பதே அவ்வளவுகோல்.