பின் சீட்டுக்குக் கீழே

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய ஹைலக்ஸ் டபுள் கெப் வந்து மூன்று கிழமை ஆகிறது. தம்பி மீன் ஏற்றுவதற்காக வாங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 ஆரம்பத்தில்தான் திரும்பத் திறந்தார்கள். அதனால் இருபது வயது தாண்டிய கெப்புக்கும் எங்கள் ஊரில் புது மாப்பிள்ளை மரியாதை. வந்த அன்றே தம்பி பின் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு சப் வூபர் போடலாம்" என்றான். அன்று பின்னேரம் வாப்பாவும் அதே சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கணக்கு வேறு என்று எங்களுக்கு விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறோம்.

வரலாறு படிப்பிக்கிற வீடு என்பதால் ஒரு சாமான் வாங்கினாலும் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் எங்களால் இருக்க முடியாது. வாகனத்துக்குள் பாட்டு என்பது 1930இல் அமெரிக்காவில் கல்வின் சகோதரர்கள் 'மோட்டோரோலா' என்ற பெயரில் விற்ற ரேடியோவோடுதான் பரவத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கார் ரேடியோக்களுக்குத் தனிப் பற்றரிகள் வேண்டும். அவற்றைக் காரின் தரைப் பலகைக்குக் கீழே பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். ஆக, பாட்டுக்காகக் காலுக்குக் கீழே இடம் தேடுவது தம்பி கண்டுபிடித்த விஷயம் அல்ல.

இலங்கையில் வானொலி 1925 டிசெம்பரிலேயே வந்துவிட்டது. பிறகு ரேடியோ சிலோன் ஆகி, 1967இல் கூட்டுத்தாபனம் ஆகி, கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வீடுகளையும் பிடித்து வைத்திருந்தது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று பெயர் சொன்னாலே எங்கள் மூத்தவர்களின் முகம் மாறும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர்கள் கேட்டது மூன்று, நான்கு அங்குல ஸ்பீக்கர் உள்ள ட்ரான்சிஸ்டரில். அந்தச் சின்னக் கூம்பால் 40, 50 ஹேர்ட்ஸில் காற்றைத் தள்ளவே முடியாது. மத்தளத்தின் அடி அந்தப் பெட்டியில் இருந்து வரவே இல்லை. அதன் மேல் அதிர்வுகள் மட்டும் வந்தன. காதும் மூளையும் சேர்ந்து இல்லாத அடியைத் தாங்களே போட்டு நிரப்பிக்கொண்டன. இது எங்கள் கற்பனை இல்லை, ஒலியியலில் நிரூபித்த விஷயம். நாகூர் ஹனிபாவின் குரலுக்குப் பின்னால் அடிக்கிற அடியை வாப்பா ஐம்பது வருடம் பாதி காதாலும் பாதி மனதாலும் கேட்டிருக்கிறார்.

பிலிப்ஸ் 1963இல் கசட்டைக் கொண்டுவந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் வளைகுடாவுக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது ரேடியோவும் கசட்டும் சேர்ந்த 'செட்' கொண்டுவந்தார்கள். எருக்கலம்பிட்டியில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதை வாங்கித் தந்தது மாமா. வாப்பா அதற்குத் துணியில் உறை தைத்து வைத்திருந்தாராம்.

பிறகு 1990. ஒக்டோபர் கடைசி வாரத்தில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலும் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் சோனகத் தெருக்களில் வந்து எல்லோரையும் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூடச் சொன்னன. அங்கே கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். எங்கள் தீவுக்காரர்கள் கரையில் காத்துக் கிடந்து, வள்ளங்களில் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது நாங்கள் கைக்குழந்தைகள். உம்மாவின் மடியில் போயிருக்கிறோம்.

வாப்பா செட்டைப் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்காவிடம் உறையோடு கொடுத்துவிட்டு வந்தார். அந்த அக்கா அழுதாராம். கூடக் கொண்டுபோனது ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி. அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், உம்மாவின் நிக்காஹ் பதிவு.

வடக்கில் தங்கியவர்களுக்கும் பாட்டு இலேசாகக் கிடைக்கவில்லை. பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரிகூட அனுமதிக்கப்படவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை மிதித்து ரேடியோ கேட்டார்கள். புத்தளத்து முகாமில் எங்களுக்குக் கிடுகுக் கொட்டிலும், கார் பற்றரியில் ஓடுகிற ஒரு கறுப்பு வெள்ளை டிவியும். இரண்டு பக்கத்திலும் பற்றரியைச் சுற்றித்தான் சனம் கூடியிருந்தது. பாடப் புத்தகங்களில் இது ஒரு வரிகூட இல்லை.

சரி, சப் வூபருக்கு வருவோம்.

ஸ்பீக்கரின் இன்றைய வடிவத்தை 1925இல் ரைஸ், கெலொக் என்ற இருவர் கொண்டுவந்தார்கள். ஆழமான சத்தத்துக்கு அலுமாரி அளவு பெட்டி வேண்டும் என்ற நிலைமையை 1954இல் எட்கர் வில்ச்சர் மாற்றினார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் ஆக்கினார். அவர் இல்லாவிட்டால் சீட்டுக்குக் கீழே என்ற பேச்சே இல்லை. அவரோடு கொம்பனியில் பங்கிருந்த ஹொஃப்மன் பெயரில் ஒரு விதியும் உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான சத்தம், குறைந்த மின்சாரத்தில் கூடிய ஒலி, இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். அவுஸ்திரேலியாவில் தீல் 1961இல் கணக்கு எழுதினார், எழுபதுகளில் ஸ்மோல் அதை விரித்தார். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லீட்டர் பெட்டி என்று இன்று பெட்டியோடு வருகிற துண்டில் அச்சடிப்பது அந்தக் கணக்கைத்தான். அந்தத் துண்டை வாசிக்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் தம்பிக்கு 12 அங்குலம் ஒன்றைக் காட்டினார்கள். மேலே பெரிய எழுத்தில் '3000 வாட்'. தொடர்ந்து தாங்கக்கூடிய வாட் எத்தனை என்று கேட்டதற்குக் கடைக்காரர் தேத்தண்ணீர் ஓடர் பண்ணினார். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணை. மற்றது கலியாண வீட்டுப் பேச்சு.

நாங்கள் செய்தது, முதலில் அளந்தது. எங்கள் கெப்பில் சீட்டுக்குக் கீழே அகலம் 120 சென்ரிமீற்றர், ஆழம் 30, உயரம் முன்னால் 19, பின்னால் சரிந்து 15. 12 அங்குலத்தின் வளையம் மட்டுமே 30ஐத் தாண்டும், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மிஞ்சியது இரண்டு வழி: முழு அகலத்துக்கும் ஒரு பெட்டி செய்து இரண்டு 8 அங்குலம், அல்லது ஒரு பக்கத்தில் ஒற்றை 10 அங்குலம். விட்டங்களை வர்க்கித்துப் பாருங்கள். இரண்டு எட்டு 128, ஒரு பத்து 100. காற்றைத் தள்ளுகிற பரப்பு இரண்டு எட்டில்தான் கூட. தம்பி அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றான், கணக்கும் அவன் பக்கம்தான்.

அப்போதுதான் வாப்பா வாயைத் திறந்தார். "பெட்டி எங்க வைக்கிற?"

எந்தப் பெட்டி என்று யாரும் கேட்கவில்லை. 1990க்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்த ஒவ்வொரு வாகனத்திலும், மோட்டர் சைக்கிளின் பக்கப் பெட்டியில் இருந்து ஓட்டோவின் பின் தட்டு வரை, அந்தத் தகரப் பெட்டிக்கு ஓர் இடம் இருந்தது. யுத்தம் முடிந்து, 2010இல் புதுப் பாலம் திறந்து, நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அது வீட்டு அலுமாரிக்குள் போகவில்லை. நாங்கள் திரும்பியபோது காட்டியது அந்தப் பெட்டிக்குள் இருந்த உறுதியைத்தான். உறுதி தொலைந்தவர்கள் இன்னும் கச்சேரிக்கு நடக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் இடம்பெயர்ந்து போயிருந்தார். செட்டைப் பற்றி வாப்பா யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஒற்றை 10 அங்குலம் என்று முடிவானது. உயரம் குறைந்த இடத்துக்கென்றே செய்கிற மெலிந்த ரகம். மரைன் ப்ளைவுட் 15 மில்லிமீற்றரில் 75 சென்ரிமீற்றர் நீளப் பெட்டி. சாதாரணப் பலகை எங்கள் உப்புக் காற்றுக்கு இரண்டு மாரி தாங்காது. ஸ்பீக்கர் தரையைப் பார்க்கிற மாதிரி வைத்து, கீழே 3 சென்ரிமீற்றர் இடைவெளிக்குக் கட்டை கொடுத்தோம். பெட்டியின் உயரம் முன்னால் 16, பின்னால் 12. உள்ளளவு 72 தர 27 தர சராசரி 11, ஏறக்குறைய 21 லீட்டர். ஸ்பீக்கர் பிடிக்கிற இடத்தைக் கழித்தால் 20. துண்டில் போட்ட அளவுக்குள் சரியாக விழுந்தது. அம்பிளிபயர் 250 வாட். விரயமும் சேர்த்து 23 அம்பியர் அளவு இழுக்கும், 30 அம்பியர் பியூஸ். பியூஸைப் பற்றரிக்குப் பக்கத்தில் போடுங்கள். சீட்டுக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது பியூஸுக்குச் செய்தி போகாது. கெப்பின் சின்ன அறையும் எங்களுக்கு உதவி. கண்ணாடியை ஏற்றினால் 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை அறையே தூக்கிக் கொடுக்கிறது.

மீதி 45 சென்ரிமீற்றரில் தகரப் பெட்டி வசதியாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாப்பாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு தள்ளாடிப் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் கடல். ரோட்டில் நின்ற கழுதைகள் பாட்டுக்கும் விலகவில்லை, ஹோர்னுக்கும் விலகவில்லை. வாகனத்தில் இருந்து பெருஞ்சத்தம் வந்தால் வாப்பாவின் கை இன்றும் கதவுப் பிடிக்குப் போகும். தம்பிக்கும் அது தெரியும், குறைத்துத்தான் போட்டான். ஹனிபா பாடத் தொடங்கி, அந்த அடி முதல்முறையாக முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது. வாப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதில இப்படியா அடிச்சிருக்காங்க" என்றார்.

பிறகு பின்னால் திரும்பி, "தகரம் அதிருது, என்னண்டு பாருங்க" என்றார்.

உண்மைதான். ஒரு குறிப்பிட்ட அடிக்கு மட்டும் மூடி கிணுகிணுத்தது. வாகனத்தை ஓரம் கட்டி, பின்னால் கிடந்த பழைய பாய்த் துண்டு ஒன்றை எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினோம். வாப்பா இறங்கி வந்து, முடிச்சை அவிழ்த்துத் தன் கையாலே திரும்பக் கட்டினார்.